முந்துகிற கை

அத்தியாயம் பதினொன்று

சென்ற வாரம் நம் பாடகியை ஸ்டுடியோ வாசற்படியில், உள்ளே போவதா திரும்பி வீட்டுக்கே ஓடிவிடுவதா என்று தெரியாமல் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஏழு நாளாக அங்கேயேதான் நிற்கிறாள். உள்ளே கூப்பிட்டுக்கொள்வோம்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. இவள் கரகரத்த குரல்காரி. சின்ன வயதில் வாயைத் திறந்தாலே வீட்டில் காக்கா என்பார்கள், இன்றைக்கும் அம்மாவுக்கு இவள் காக்காதான். பத்து வருடமாகத் தானே பாட்டெழுதி, தானே மெட்டமைத்து, கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரும் கேட்காத இடங்களில் எல்லாம் தொண்டை கிழியப் பாடியவள். இப்போதுதான் முதல்முறையாக ஒரு கம்பெனி இவளை ஸ்டுடியோவுக்குள் விட்டது. ஒன்பது பாட்டு, ஒரு ஆல்பம். கூடவே டிரம்ஸ் வாசிப்பவன் கூடப்பிறந்த தம்பி.

தம்பிக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. கேட்டால் சளி என்பான். ஸ்டுடியோவில் ஹெட்போனுக்குள் டிக் டிக் என்று ஒரு தாளம் ஓடும், அதைப் பிடித்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். அவனுக்கு அது பிடிபடவில்லை. சத்தத்தைக் கூட்டினார்கள், கூட்டினார்கள், கடைசியில் ஹெட்போனைத் தாண்டி அந்த டிக் டிக் பாட்டுக்குள்ளேயே பதிவாகிவிட்டது. அப்போதும் அவன் நன்றாகக் கேட்கிறது என்று தலையாட்டினான். வேறு ஆளை வை, இல்லாவிட்டால் ஆல்பத்தை மூட்டை கட்டு என்று கம்பெனிக்காரர் சொல்லிவிட்டார்.

தம்பி காய்ச்சலில் படுத்த இரண்டு நாளில் காரியம் முடிந்தது. வெளியிலிருந்து ஒரு டிரம்மர் வந்தார், ஒன்பது பாட்டையும் வாசித்தார், கையைத் துடைத்துக்கொண்டு போனார். பத்து நாள் ஆகிவிட்டது. தம்பியிடம் இன்னும் ஒருவரும் மூச்சு விடவில்லை.

இதுதான் கதை. இப்போது உள்ளே போகலாம்.

உள்ளே மேஜைமேல் ஆல்பத்தின் மாதிரி இசைத்தட்டு தயாராக இருந்தது. அச்சேறாத வெள்ளை உறை. அதன்மேல் ஒலிப்பதிவாளர் பென்சிலால் தேதி மட்டும் எழுதியிருந்தார். பத்து வருடம் கனவு கண்ட பொருளை எதிரே வைத்துக்கொண்டு, அதைத் தொடலாமா வேண்டாமா என்று நம் ஆள் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

பக்கத்தில் கம்பெனிக்காரர் உட்கார்ந்திருந்தார். மனிதர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம், அதற்கும் வழியில்லாத அளவுக்குப் பொறுமைசாலி. ஆல்பத்து அட்டையின் பின்பக்கத்துக்கான தாளை நகர்த்திக் காட்டினார். பாட்டும் குரலும் கிடாரும் அவள் பெயரில் இருந்தன. பேஸ் கிடாருக்கு ஒரு பெயர், ஒலிப்பதிவுக்கு ஒரு பெயர். டிரம்ஸ் என்ற சொல்லுக்கு நேரே ஒன்றுமில்லை.

வாசித்துவிட்டுப் போனவருக்குத் தன் பெயர் வர வேண்டும் என்ற ஆசை கிடையாதாம். அவர் மாதத்துக்கு இப்படி நாலு இடத்தில் வாசிப்பவர். அதனால் தம்பியின் பெயரையே போட்டுவிடலாம் என்பது இவள் கட்சி. பத்து நாளாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கம்பெனிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "போடலாம்மா. நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா அவருக்குத் தெரியணும். தெரிஞ்சு, சரின்னு அவர் வாயால சொல்லணும். தெரியாம பேர் போட்டா நாளைக்கு அவர்தான் என் சட்டையைப் பிடிப்பார். நாலு மணிக்கு அட்டை அச்சுக்குப் போகுது. உங்க வீட்டுக்கு போன் பண்றேன். பேசிட்டுச் சொல்லு."

அவர் போன பிறகு ஒலிப்பதிவாளர் தட்டை உறையில் போட்டு அவள் கையில் கொடுத்தார். அதிகம் பேசாத ஆசாமி. எதையும் இரண்டு வாக்கியத்துக்குமேல் சொன்னால் காசு குறைந்துவிடும் என்பதுபோல் இருப்பார்.

"போட்டுக் காட்டுறதுக்கு முன்னாடி சொல்லிரு," என்றார். "பின்னாடி சொன்னா அதுக்குப் பேரு சொல்றது இல்ல, மாட்டிக்கிறது."

அவள் சரி என்றாள். பத்து நாளில் இது எத்தனையாவது சரி என்று எண்ணிப் பார்த்திருந்தால் அவளுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. தட்டை மடியில் படுக்கப் போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எப்படி ஆரம்பிப்பது? 'உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்' என்று ஆரம்பித்தால் அடுத்த நொடியே அவன் முகம் மாறிவிடும். 'கம்பெனியில் கட்டாயப்படுத்தினாங்க' என்று ஆரம்பித்தால் அது பாதிப் பொய். ஒன்பது பாட்டுக்கு முதல் வரி எழுதியவளுக்கு இதற்கு ஒரு முதல் வரி வரவில்லை.

பாதிப் பொய் என்று ஏன் சொன்னேன் தெரியுமா? அந்த டிரம்மருக்கு இந்தப் பாட்டெல்லாம் தெரியாது. யாரோ ஒருவர் உட்கார்ந்து தம்பி வாசித்ததை ஒவ்வொரு அடியாக எழுதிக் கொடுத்தால்தான் அவர் அதேபோல் வாசிக்க முடியும். உட்கார்ந்து எழுதியது வேறு யாருமில்லை, கூடப்பிறந்தவள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு கட்டம் போட்ட நோட்டில், காலுக்கு வட்டம், கைக்குக் கோடு, பித்தளைத் தாளத்தட்டுக்குப் பெருக்கல் குறி என்று ஒன்பது பாட்டையும் எழுதி முடித்தாள். அவனுடைய கடகட உருட்டல் எல்லாம் இருக்கும், அவனுடைய வேடிக்கை எல்லாம் இருக்கும், கை மட்டும் வேறு. கேட்டால் அவனுக்கே வித்தியாசம் தெரியாது என்று எழுதும்போது நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக இப்போது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வீட்டு வாசலை எட்டியதும் நின்றுவிட்டாள். வேலை நாளில், பட்டப்பகலில், பட்டறைக் கதவு சாத்தியிருந்தது. அவள் அப்பா தகரப் பட்டறைக்காரர். புகைபோக்கிக் குழாயும் காற்றுக் குழாயும் அடிப்பவர். காய்ச்சலோ மழையோ, பட்டறையைச் சாத்தி அவள் பார்த்ததில்லை.

தம்பி வாசலுக்கு ஓடிவந்தான். அடுத்த தெரு மெக்கானிக்கிடம் கெஞ்சி ரெக்கார்டு பிளேயரும் பெரிய ஸ்பீக்கர் பெட்டியும் இரவல் வாங்கிக் கூடத்தில் வைத்திருந்தான். தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவியிருந்தான். முப்பதை நெருங்குகிற ஆள் பள்ளிக்கூடத்துப் பையன்போல் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"ஒரு நிமிஷம் நில்லு. அதுக்கு முன்னாடி பேசணும்," என்றாள்.

"கேட்டுட்டுப் பேசலாம்க்கா. அப்பா சட்டையெல்லாம் மாத்திட்டு உக்காந்திருக்காரு," என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அப்போதே பின்னால் ஓடிப்போய்ப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். இழுக்கவில்லை. செருப்பைக் கழற்ற வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இருபது வருடச் சுத்தியல் சத்தம் அவர் காதை எப்போதோ தின்று தீர்த்துவிட்டது. எதிரே நின்று வாயை அசைத்தால் போதும், உதட்டைப் பார்த்தே ஒரு சொல் விடாமல் பிடித்துவிடுவார். அந்த வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டையே தமாஷாக இருக்கும். அம்மா சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைப்பாள், அப்பா மட்டும் தெருவுக்கே கேட்கக் கத்துவார். தெருக்காரர்கள் எல்லாரும் அம்மாவைத்தான் பாவம் என்பார்கள். திட்டு வாங்குவது யார் என்பது அப்பாவுக்குத்தான் தெரியும்.

பாட்டுக் கேட்பதற்கும் அவருக்கு ஒரு வழி உண்டு. நாற்காலியை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வலது உள்ளங்கையைப் பெட்டியின் மேல்பலகையில் பதித்துக்கொள்வார். இன்றும் அப்படியே பதித்துக்கொண்டு, ஆரம்பி என்று மகனுக்குத் தலையசைத்தார்.

முள் தட்டில் இறங்கியது. முதல் பாட்டு, 'தகரக் கூரை'. இவள் குரல் தனியாக வந்தது.

*கூரைமேல மழை வந்தா வீட்டுக்குள்ள பேச்சில்ல,
பேசினாலும் கேக்காது, கேட்டாலும் ஆச்சரியமில்ல...*

பிறகு டிரம்ஸ் விழுந்தது. அம்மா தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தப் பட்டறைக்குள்ளேயே, டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு இவர்கள் பாடிப் பதிந்த காலத்தில் அம்மா காதைப் பொத்திக்கொண்டு அலைந்தவள். இது வேறு. ஒவ்வொரு அடியும் அளந்து வைத்ததுபோல் விழுந்தது. பாட்டு தரையில் கால் ஊன்றி நடந்தது.

தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மண்டியிட்டு உட்கார்ந்து ஸ்பீக்கருக்கு இடது காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு உருட்டல் வந்தது. அம்மாவின் முழங்காலைத் தட்டினான்.

"இந்த எடம் கேளும்மா. இதுக்கு மட்டும் அன்னிக்கு பதினோரு தடவை வாசிக்க வச்சாங்க. கடைசியில எப்படி உக்காந்திருக்கு பாரு."

பதினோரு தடவை வாசித்தது உண்மை. அந்தப் பதினொன்றும் அழிக்கப்பட்டதும் உண்மை. நம் ஆள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவனுக்குத் தெரியவில்லை. தான் வாசித்ததா, வேறொருவர் வாசித்ததா என்று சொல்ல முடியாத அளவுக்கு அவனுக்குக் காது போயிருக்கிறது. காதுதான் தேய்கிறது, கை இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருந்தவள் இதை எதிர்பார்க்கவில்லை.

இரண்டாவது பாட்டு பாதி ஓடியிருக்கும். அப்பா கையைப் பெட்டியிலிருந்து எடுத்தார். பார்த்தார். திரும்ப வைத்தார். அடுத்த பல்லவி வந்தபோது மறுபடி எடுத்தார்.

"இது இவன் இல்லியே," என்றார். சத்தமாகத்தான் சொன்னார், அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

தம்பி சிரித்தான். அப்பாவுக்கு நேராக முகத்தைத் திருப்பி, நான்தான் அது என்று மார்பில் தட்டிக் காட்டினான்.

"இல்லடா. நீ முந்துவே. பாட்டு ஏறுற எடத்துல நீ ஒரு மயிரிழை முந்துவே. இது முந்தல." அப்பாவுக்கு அதில் கோபமோ சந்தேகமோ இல்லை, தகர அளவு தப்பாக இருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார். "பதிமூணு வருஷமா ஒரே தகட்டுல ரெண்டு பேரும் எதிரெதிரா நின்னு அடிக்கிறோம். ஒன் சுத்தி, என் சுத்தி, ஒன் சுத்தி, என் சுத்தி. நீ முந்துவேன்னு தெரிஞ்சு நான் வெரலை எடுக்கிறதாலதான் எனக்கு அஞ்சு வெரலும் இருக்கு."

சொல்லிவிட்டு ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். அம்மா சிரிக்கப் போனாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

தம்பி முள்ளைத் தூக்கிவிட்டான். பாட்டு நின்றது. அவன் பேச்சு ஆரம்பத்தில் தன்மையாகத்தான் இருந்தது. ஸ்டுடியோவில் அப்படி முந்த விடமாட்டார்கள், காதில் டிக் டிக் என்று ஓடும், அதோடு ஒட்டிக்கொண்டு வாசிக்க வேண்டும், அந்தப் பழக்கத்தை விடத்தான் இரண்டு மாதம் பாடாய்ப் பட்டேன், இப்போது விட்டுவிட்டேன் என்று ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். தலை மட்டும் இல்லை இல்லை என்று ஆடியது. சுத்தியைப் பிடிக்கிற கையை எந்த டிக் டிக்காலும் மாற்ற முடியாது என்பது அவர் எண்ணம்.

தம்பிக்குப் பொறுக்கவில்லை.

"பத்து வருஷம் கழிச்சு ஒரு ரெக்கார்டு வந்திருக்கு. நான் ஒழுங்கா வாசிச்சிருக்கேன்னு சொல்ல ஒனக்கு வாய் வரல. ஒழுங்கா இருந்தா அது நானா இருக்க முடியாது, அப்படித்தானே?" அக்காவின் பக்கம் திரும்பினான். "நீ சொல்லுக்கா. நீதான் கூட இருந்தே. சொல்லு அவர்கிட்ட."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

இதைவிட நல்ல வாசல் யாருக்கும் திறக்காது. அவள் வாயைத் திறந்தாள். அப்பா அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியின் கண்ணில் தண்ணீர் முட்டியிருந்தது.

"அவன்தாம்ப்பா," என்றாள்.

அடிப் பாவி என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும்தான் தோன்றுகிறது. அந்தக் கண்ணீருக்கு முன்னால் நின்று பார்த்தால்தான் தெரியும் என்று அவள் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்.

அப்பா மகளை நம்பினார். அவள் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. மெதுவாகத் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், இடது கைக் கட்டைவிரலால் அதை அழுத்தித் தேய்த்தார்.

"அப்ப இதுவும் மரத்துப்போச்சு போல," என்றார். "காதுதான் போச்சுன்னு பாத்தேன்."

மகனிடம் தவறாக எடுத்துக்கொள்ளாதே என்று சொல்லி அவன் தோளைத் தட்டினார். பாட்டு நன்றாக இருக்கிறது, டிரம்ஸ் ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். தட்டின கையை உடனே எடுத்துக்கொண்டார், அந்தக் கையை இனி நம்பக் கூடாது என்பதுபோல. தம்பி எழுந்து பட்டறைப் பக்கம் போனான். அப்பா எழுந்து கொல்லைப்புறம் போனார். கூடத்தில் தட்டு மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா போய் அதை நிறுத்தினாள்.

"என்ன பண்ணி வச்சிருக்கே?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. அந்த வீட்டில் அம்மாவுக்குக் குரலை உயர்த்தும் பழக்கமே விட்டுப்போயிருந்தது.

அவள் சொன்னாள். நின்றபடியே, எல்லாவற்றையும், கட்டம் போட்ட நோட்டு உட்பட. நாலு மணிக்குக் கம்பெனிக்காரர் போன் பண்ணுவார் என்பதையும் சொன்னாள். கடிகாரத்தில் மூன்றரை தாண்டியிருந்தது. அம்மா அழவில்லை, திட்டவில்லை. கொல்லைக் கதவு வழியே வெளியே பார்த்தாள். குழாயடியில் அப்பா குனிந்து வலது கையைத் தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார், நீட்டினார், மறுபடி மடக்கினார்.

"அந்த மனுஷனுக்கு மிஞ்சினதே அதுதான்," என்றாள் அம்மா. "போ. மொதல்ல தம்பிகிட்ட சொல்லு. அப்புறம் அவர்கிட்ட. நான் சொல்ல மாட்டேன். நீ கட்டினது, நீயே பிரி."

பட்டறைக்குள் வெளிச்சம் குறைவாக இருந்தது. வளைத்த தகடுகள் ஒரு பக்கம் அடுக்கியிருந்தன. இன்னொரு பக்கம், பத்து வருடமாக இருக்கிற இடத்திலேயே, தம்பியின் டிரம்ஸ் நின்றது. அவன் அதன் பக்கம் போகவில்லை. ஜன்னலோரம் இருந்த வேலைப்பலகைக்கு முன்னால், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு தாளத்தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். சுத்தியல் சத்தம் இல்லை, தெருவில் வண்டிச் சத்தம்கூட இல்லை. அந்தப் பட்டறை அத்தனை அமைதியாக இருந்து அவள் பார்த்ததே இல்லை.

நாலு எட்டு தள்ளி நின்றாள். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வராது என்று அவளுக்குத் தெரியும். இந்த முதுகிடம் சொல்லிவிடலாம். அவன் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட வேண்டும்.

"அப்பா சொன்னது சரி," என்று ஆரம்பித்தாள். "அது நீ இல்ல."

அவன் திரும்பவில்லை. துணி மட்டும் வட்டமாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஒனக்கு காய்ச்சல் வந்துச்சே, அந்த ரெண்டு நாள்ல வேற ஒருத்தரை வச்சு வாசிச்சுட்டோம். ஒன்பதும். கம்பெனியில சொன்னாங்க, ஆனா செஞ்சது நான். ஒன் அடியை ஒவ்வொண்ணா எழுதிக் கொடுத்தது நான்தான். நீ முந்துற எடத்தையெல்லாம் நேராக்கினதும் நான்தான்."

மூச்சு வாங்கினாள். அவன் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது. கோபத்தில் பேசாமல் இருக்கிறான் என்று நினைத்தாள். இருக்கட்டும். அவனுக்கு அந்த உரிமை உண்டு.

"அந்த டிக் டிக் ஒனக்குக் கேக்கல. சளி இல்லடா அது. ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேசினா உண்மையாயிடும்னு ரெண்டு பேரும் பேசாம இருந்தோம். நான் அன்னிக்கே ஒன்னை டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருக்கணும். போகாம, உக்காந்து நோட்டுல வட்டம் போட்டேன்."

சொல்ல வேண்டாம் என்று பஸ்ஸில் முடிவு செய்திருந்த ஒரு விஷயம் மிச்சம் இருந்தது. அதுவும் வந்துவிட்டது.

"நீ இல்லாம பாட்டு நல்லா இருக்கு. அதுதான் என்னால தாங்க முடியல. மோசமா இருந்திருந்தா அன்னிக்கே ஓடி வந்து ஒன் காலைப் பிடிச்சிருப்பேன். நல்லா இருந்துச்சு, அதனால வாயை மூடிட்டேன். இப்ப நாலு மணிக்கு ஒன் பேரைப் போடவா வேண்டாமான்னு கேப்பாங்க. எதையாவது எடுத்து என் மேல எறி. ஆனா ஏதாவது சொல்லு."

அவன் தாளத்தட்டின் மறுபக்கத்தைத் திருப்பி, அதையும் துடைக்க ஆரம்பித்தான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். வேலைப்பலகைக்கு மேலே, திறந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம், குழாயடியிலிருந்து அப்பா வந்து நின்றுகொண்டிருந்தார். ஈரக் கை ஜன்னல் கட்டையில் இருந்தது. அவர் கண் அவள் உதட்டில் இருந்தது. எப்போதிலிருந்து நிற்கிறார் என்று அவள் யோசித்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை, முதல் சொல்லிலிருந்து என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு மகனின் குனிந்த தலையைப் பார்த்தார். அந்தத் தலை அசையாமல் இருப்பதைப் பார்த்தார். தன் காது எப்படிப் போனது என்று தெரிந்த மனிதருக்கு, அந்த அசையாத தலைக்கு அர்த்தம் சொல்ல வேறு ஆள் வேண்டாம். ஜன்னல் கட்டையிலிருந்த கையைத் தூக்கிப் பார்த்தார்.

"அப்ப என் கை நல்லாத்தாண்டி இருக்கு," என்றார்.

அவருடைய குரலில் பட்டறையே அதிர்ந்தது. தம்பி திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினான். ஜன்னலில் அப்பாவைப் பார்த்தான். பிறகு அவர் யாரைப் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ளத் திரும்பினான்.

"நீ எப்பக்கா வந்தே?"

கோபம் இல்லை அந்தக் கேள்வியில். நிஜமாகவே தெரியாமல் கேட்டான். அவ்வளவு பெரிய விஷயத்தைத் தகடுகளுக்கும் சுவருக்கும் சொல்லிவிட்டு நிற்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வீட்டுக்குள் போன் அடித்தது. ஐந்தாறு முறை அடித்து நின்றது. அம்மா எடுத்திருப்பாள். இரண்டு நொடியில் கதவோரம் வந்து நின்றாள். யார் என்று அவள் சொல்லவுமில்லை, யாரும் கேட்கவுமில்லை.

தம்பி அப்பாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். துணியைக் கீழே வைத்தான்.

"அப்பா கையைப் பத்தி என்னமோ சொன்னாரே," என்றான். "என்னக்கா சொல்றாரு?"

அப்பா ஜன்னலை விட்டு நகரவில்லை. அம்மா கதவை விட்டு நகரவில்லை. தம்பி அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டு, அவள் பேசுவதற்காகக் காத்திருந்தான்.